கம்யூனிட்டி காலேஜில் படித்துக்கொண்டே மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஃப்ரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் கெமிஸ்ட்ரி லேபில் எனக்கு வேலை. கரைசல்கள் கலந்து வைப்பேன், ப்யூரெட் உடைந்தால் வேறு எடுத்துக் கொடுப்பேன், மாலையில் எல்லோரும் போனபின் கழிவு பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவேன். என் மகளும் சில பாடங்களை கம்யூனிட்டி காலேஜில் படித்தவள்தான். இப்போது மெடிக்கல் ஸ்கூலில் இரண்டாம் வருடம். இது தெரிந்துபோனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட வருகிறவர்கள் கார் கதவைக்கூடச் சாத்தாமல் என்னிடம் வந்து கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எனக்குத் தெரிந்தது கலிஃபோர்னியா. மற்ற மாநிலங்களில் கட்டணமும் பாட எண்களும் மாறும். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்ப விதிகள் பெரும்பாலும் இதேதான்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

நம் ஊர் மாதிரி ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது இங்கே கிடையாது. முதலில் நாலு வருடப் பட்டம். எந்தப் பட்டமாகவும் இருக்கலாம், சரித்திரம் படித்தாலும் சரி. ஆனால் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் என்று சில பாடங்களை லேபோடு முடித்திருக்க வேண்டும். இதற்குத்தான் ப்ரீமெட் என்று பெயர். அது தனிப் பட்டம் இல்லை. அப்புறம் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், நேர்காணல், நாலு வருட மெடிக்கல் ஸ்கூல், அதற்குப் பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. ஆண்டுக்கு 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எம்.டி. (இங்கே டாக்டருக்கான முதல் பட்டமே இதுதான்) பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஏறக்குறைய 23 ஆயிரம் பேர் சேர்கிறார்கள். சேர்பவர்களின் சராசரி எம்கேட் மதிப்பெண் 528-க்கு 511, 512 வாக்கில் இருக்கும். ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குப் போடும் சராசரி கிரேடு, 3.7-ஐத் தாண்டும்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது இந்த நாலு வருடப் பட்டத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களைச் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சேரலாம், கட் ஆஃப் எதுவும் இல்லை.

மெடிக்கல் ஸ்கூல்கள் இந்தப் பாடங்களை ஒத்துக்கொள்கின்றனவா?

பெரும்பாலானவை ஒத்துக்கொள்கின்றன. சில பள்ளிகள் ஒத்துக்கொண்டாலும், நாலு வருடக் கல்லூரியில் படித்திருந்தால் நல்லது என்று எழுதி வைத்திருக்கின்றன. மிகச் சில மட்டும் முடியாது என்கின்றன. அமெரிக்க மெடிக்கல் காலேஜ்கள் சங்கம் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தகவல் தொகுப்பு நடத்துகிறது. சிறு சந்தா கட்ட வேண்டும். அதில் ஒவ்வொரு பள்ளிக்கும் கம்யூனிட்டி காலேஜ் பாடம் ஏற்கப்படுமா, ஆன்லைன் பாடம் ஏற்கப்படுமா, ஏ.பி. (ஹைஸ்கூலில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கிரெடிட் ஏற்கப்படுமா என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். மூன்று வருடம் முன்பு உங்கள் நண்பர் மகன் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏற்றுக்கொண்டாலும் உள்ளுக்குள் மட்டமாகத்தானே பார்ப்பார்கள்?

இதைக் கேட்கும்போது எல்லோருக்கும் குரல் தணிந்துவிடும். "உங்களுக்குத் தெரியாததா, நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்க" என்று சேர்த்துக்கொள்வார்கள். நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அட்மிஷன் கமிட்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

2012-ல் மெடிக்கல் ஸ்கூல் சேர்ந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நாலில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுத்திருந்தார்கள். ஹைஸ்கூலில் இருக்கும்போதே எடுத்தவர்கள், சம்மரில் எடுத்தவர்கள், இங்கேயே தொடங்கி மாறிப் போனவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: ஹைஸ்கூல் முடித்து நேராக கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகம் போனவர்களுக்கு, மதிப்பெண்களைச் சமன் செய்து பார்த்தாலும், இடம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதே நேரம், அந்த வித்தியாசத்தைக் குறைக்கவென்றே கலிஃபோர்னியா மெடிசின் ஸ்காலர்ஸ் புரோகிராம் என்று மாநில நிதியில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை மெடிக்கல் ஸ்கூல் வரை கைப்பிடித்துக் கொண்டுபோவதுதான் அதன் வேலை.

நான் பார்த்தவரை கமிட்டி கேட்கும் கேள்வி "எங்கே படித்தாய்" என்பதைவிட "ஏன் அங்கே படித்தாய், அதற்குப் பிறகு என்ன செய்தாய்" என்பதுதான். பணம் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலை பார்த்துக்கொண்டே படித்தேன் என்றால் அது ஒரு கதை. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, கஷ்டமான பாடத்தை மட்டும் இங்கே வந்து எடுத்துவிட்டுப் போனால் அது வேறு கதை.

எந்தப் பாடங்களை இங்கே எடுக்கலாம்?

ஜெனரல் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இங்கிலீஷ், சைக்காலஜி, சோஷியாலஜி எல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பல கல்லூரிகளில் உண்டு. பயோகெமிஸ்ட்ரி வழக்கமாக மூன்றாம் வருடப் பாடம் என்பதால், அதற்குப் பல்கலைக்கழகம் போய்த்தான் ஆக வேண்டும். 2015-ல் எம்கேட் மாறியதிலிருந்து பயோகெமிஸ்ட்ரி, சைக்காலஜி, சோஷியாலஜி மூன்றும் அதில் வருகின்றன. எனவே இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது: பாட எண். எங்கள் ஸ்டாக் ரூம் ஜன்னலில் ஒவ்வொரு டெர்மும் ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும், தவறான கெமிஸ்ட்ரியில் சேர்ந்துவிட்டு. குபெர்டினோவில் இருக்கும் டி ஆன்சா காலேஜை எடுத்துக்கொள்வோம். அங்கே கெம் 1ஏ, 1பி, 1சி என்பது அறிவியல் மாணவர்களுக்கான ஜெனரல் கெமிஸ்ட்ரி. கெம் 30ஏ, 30பி என்பது நர்சிங் மாதிரி படிப்புகளுக்குப் போகிறவர்களுக்கு ஜெனரல், ஆர்கானிக், பயோ மூன்றையும் சுருக்கிக் கொடுப்பது. பெயரைப் பார்த்தால், "அட, ஆர்கானிக்கும் பயோகெமிஸ்ட்ரியும் சேர்ந்தே வருகிறதே" என்று தோன்றும். மெடிக்கல் ஸ்கூலுக்கு அது செல்லாது. பிசிக்ஸில் விஷயம் நேர்மாறு. கால்குலஸ் இல்லாத 2ஏ வரிசையே பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்குப் போதும். எஞ்சினியர் அப்பாக்கள்தான் கால்குலஸ் வரிசையான 4ஏ-வில் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தவிக்க விடுகிறார்கள்.

பையன் பத்தாவது படிக்கிறான். இப்போதே கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி போடலாமா? ஃபீஸும் இல்லையாமே?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் மாணவர்கள் பகுதி நேரமாக எடுக்கும் பாடங்களுக்குப் பெரும்பாலும் பாடக் கட்டணம் வாங்குவதில்லை, அது உண்மை. ட்யூவல் என்ரோல்மெண்ட் என்பார்கள். இலவசம், கல்லூரி விண்ணப்பத்தில் அழகாக இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுக்கிறது. நாமும் சேர்த்துவிடுகிறோம்.

யாரும் சொல்லாத ஒன்று: அந்த 15 வயதில் வாங்கும் கிரேடு அவனோடு மெடிக்கல் ஸ்கூல் வாசல் வரை வரும். எம்.டி. பள்ளிகளுக்கான பொது விண்ணப்பம் ஏம்காஸ். ஹைஸ்கூலில் இருக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் அதில் எழுத வேண்டும், அந்த கிரேடும் கணக்கில் சேரும். ஹைஸ்கூல் மதிப்பெண்ணை மெடிக்கல் ஸ்கூல் பார்க்காது. ஹைஸ்கூலில் எடுத்த கல்லூரிப் பாடத்தைப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது பையனிடம் 120 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) இருக்கிறது, 110-ல் முழுக்க ஏ (4 புள்ளி), பத்தாவது பதினொன்றாவதில் எடுத்த 10 யூனிட் கெமிஸ்ட்ரியில் மட்டும் சி (2 புள்ளி). மொத்த ஜி.பி.ஏ. 3.83. பரவாயில்லையே என்பீர்கள். ஆனால் ஏம்காஸ் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நான்குக்கும் தனியாக ஒரு சயின்ஸ் ஜி.பி.ஏ. போடும். அதில் மொத்தம் 50 யூனிட் என்று வைத்தால், 40 ஏ, 10 சி: 3.6. ஒரு தப்பும் செய்யாமல் நாலு வருடம் உழைத்த பையன் 3.6-ல் நிற்பான்.

போன வருடம் ஒரு பையன் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தான். பிங்க் நிறம் லேசாக வந்து நிற்க வேண்டிய இடத்தில், அவன் ஸ்டாப்காக்கைத் திறந்தே வைத்துவிட்டு ஃபோனில் அம்மாவுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தான்: "கிளாஸில் இருக்கேன்". ஃப்ளாஸ்க் முழுக்க ரோஜாப்பூ மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து வயது. பக்கத்து மேசையில், இரவு வேலை முடித்து வந்த ஒரு பெண் ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கிரேடு அளவுகோல்தான்.

போடக்கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளை தானாகக் கேட்டால், முதலில் சைக்காலஜியோ சோஷியாலஜியோ ஒரு பாடம் எடுத்துப் பார்க்கட்டும். லேப் பாடம் வேண்டாம். வார நாளில் நாலு மணி நேர லேபுக்கு யார் காரில் கொண்டுவந்து விடப்போகிறீர்கள் என்பதும் ஒரு கேள்வி.

பாதியில் விட்ட பாடத்தையும் எழுத வேண்டுமா?

வேண்டும். டபிள்யூ (வித்ட்ரா) போட்டு விலகியிருந்தால் ஜி.பி.ஏ.வில் சேராது. ஆனால் ட்ரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) இருக்கும், அந்தக் கல்லூரியிலிருந்தும் ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும்.

இது நாங்கள் பட்ட பாடு. மகள் பதினோராவது முடித்த சம்மரில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் சென்னையில் ஒரு கல்யாணம், டபிள்யூ போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம். அதோடு மறந்தும் போனோம். ஐந்து வருடம் கழித்து ஏம்காஸ் நிரப்பி ஜூன் முதல் வாரம் அனுப்பிய பிறகு, ஒரு ராத்திரி பழைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் "அம்மா, ஜப்பானீஸ்!" என்று கத்தினாள். அந்தக் கல்லூரியில் அவளுடைய பழைய மின்னஞ்சல் செயல்படவில்லை, கடவுச்சொல் நினைவில்லை. ட்ரான்ஸ்கிரிப்ட் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் ஏம்காஸ் சரிபார்ப்பையே தொடங்கும். அந்த நேரத்தில் வரிசையும் வாரக்கணக்கில் நீளும். விண்ணப்பங்கள் வர வர இடங்கள் நிரப்பப்படுவதால் ஒவ்வொரு வாரமும் கனக்கும். அவளுக்கு எப்படியோ தப்பித்தது. நீங்கள் ஒரு காகிதத்தில் பிள்ளை கால் வைத்த ஒவ்வொரு கல்லூரியின் பெயரையும் மாணவர் எண்ணையும் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழையது போய்விடுமா?

உங்கள் கல்லூரி அழித்துவிடலாம். ஏம்காஸ் அழிக்காது, இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். டி.ஓ. (ஆஸ்டியோபதி டாக்டர் பட்டம்) பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஏகோமாஸ் முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்தது; 2017-லிருந்து அதுவும் இரண்டையும் எடுக்கிறது. டெக்சாஸில் மட்டும் அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்று ஒரு சட்டம் இருக்கிறது. 10 வருடத்துக்கு மேற்பட்ட பாடங்களை மொத்தமாக ஒதுக்கிவிடலாம், அந்த மாநிலத்தின் பொது விண்ணப்ப முறையும் அதை மதிக்கிறது. நல்ல கிரேடு, கெட்ட கிரேடு இரண்டுமே சேர்ந்து போய்விடும் என்பதால் கவனம்.

பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். சம்மரில் ஆர்கானிக் மட்டும் இங்கே வந்து எடுக்கலாமா?

முடிந்தால் வேண்டாம். ஆர்கானிக் என்பது கமிட்டி உற்றுப் பார்க்கும் பாடம். மற்றதெல்லாம் அங்கே, இது மட்டும் இங்கே என்றால் காரணம் கேட்கத் தோன்றும். காரணம் உண்மையாக இருந்தால் (செலவு, அங்கே இடம் கிடைக்கவில்லை, வீட்டில் இருக்க வேண்டிய நிலை) எடுக்கட்டும், ஏ வாங்கட்டும், பிறகு பயோகெமிஸ்ட்ரியைப் பல்கலைக்கழகத்தில் எடுத்து அதிலும் ஏ வாங்கட்டும். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல்: டி ஆன்சாவும் ஃபுட்ஹில் காலேஜும் குவார்ட்டர் முறை, அதாவது படிப்பு வருடத்தை மூன்று டெர்மாகப் பிரிப்பது. ஆர்கானிக் அங்கே மூன்று துண்டு. செமஸ்டர் கல்லூரிகளில் இரண்டு துண்டு. ஒன்றில் ஒரு துண்டு, இன்னொன்றில் ஒரு துண்டு என்று எடுத்தால் நடுவில் ஒரு மாதப் பாடம் காணாமல் போகும். வரிசையைத் தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். ஒரு குவார்ட்டர் யூனிட், செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 15 யூனிட் ஆர்கானிக் 10 ஆகிவிடும்.

முதல் இரண்டு வருடமும் இங்கேயே படித்தால்?

பணம் மிச்சம். கலிஃபோர்னியா வாசிகளுக்கு செமஸ்டர் கல்லூரியில் யூனிட்டுக்கு 46 டாலர், குவார்ட்டர் கல்லூரியில் 31. ஐந்து யூனிட் கெமிஸ்ட்ரி 155 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். அதே மாதிரிப் பாடத்தைப் பல்கலைக்கழக எக்ஸ்டென்ஷனில் (வெளியாரும் சேரும் பிரிவு) எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். முதன்முறை முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு இரண்டு வருடம் பாடக் கட்டணமே இல்லாத திட்டம் பல கல்லூரிகளில் உண்டு.

எந்தப் பாடம் எந்த யூ.சி.யில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள்) எதற்குச் சமம் என்பதை அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் பார்க்கலாம். கவுன்சலர் சொன்னாலும் நீங்களே ஒருமுறை பாருங்கள். யூ.சி. 70 செமஸ்டர் யூனிட் வரைதான் எடுத்துக்கொள்ளும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆறும் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. மாறிப் போன பிறகு இரண்டே வருடம்தான் கையில். அதற்குள் கடினமான அறிவியல் பாடங்கள், ஆராய்ச்சி, எம்கேட் எல்லாம். மாறிப் போன முதல் டெர்மில் தடுமாறாதவர்கள் குறைவு. அதனால் பட்டம் முடித்து ஒரு வருடம் இடைவெளி விட்டு விண்ணப்பிப்பதை இப்போதே திட்டத்தில் வைத்துவிடுங்கள்.

நாங்கள் எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) விசா. படிக்கலாமா?

படிக்கலாம். கலிஃபோர்னியாவில் வசிப்பை நிரூபித்தால் உள்ளூர்க் கட்டணமே கிடைக்கும். சிக்கல் 21 வயதில், அதோடு பிள்ளைக்கு அந்த விசா முடிந்துவிடும். கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அப்புறம் முழுநேரம் படித்தாக வேண்டும், கட்டணமும் பல மடங்கு. பல மெடிக்கல் ஸ்கூல்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதில்லை. எடுக்கும் சிலவும் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்வதுண்டு. குடிவரவு வக்கீலிடம் பிள்ளைக்கு 18 ஆவதற்குள் பேசிவிடுங்கள்.

நான் கோயம்புத்தூரில் பி.இ. முடித்தவள். 34 வயது. டாக்டராக ஆசை. முடியுமா அக்கா?

வயது பிரச்சினை இல்லை. எங்கள் மாலை லேபில் உங்கள் வயதில் ஆட்கள் இருக்கிறார்கள். பிரச்சினை உங்கள் பி.இ. மதிப்பெண் பட்டியல். வெளிநாட்டு ட்ரான்ஸ்கிரிப்டை ஏம்காஸ் சரிபார்ப்பதில்லை, அதற்கு ஜி.பி.ஏ. போடுவதும் இல்லை. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பட்டத்தையோ, கணிசமான பாடங்களையோ கேட்கின்றன. எனவே எட்டுப் பாடம் இங்கே முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று கிளம்ப முடியாது. முதலில் ஐந்தாறு பள்ளிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை யூனிட் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குள் ஒரு ஜெனரல் கெமிஸ்ட்ரி எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்?

இந்தப் பக்கம் உங்களுக்கு இல்லை. நீங்கள் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமத் தேர்வு எழுதி, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வாங்கி, நேராக ரெசிடென்சிக்குப் போகலாம்.

சிபாரிசுக் கடிதம் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரிடம் வாங்கலாமா?

தாராளமாக. 300 பேர் உட்காரும் லெக்சர் ஹாலில் பிள்ளையின் முகம் தெரியாது. இங்கே லேபில் இருபது இருபத்தைந்து பேர்தான். ஆனால் பகுதி நேர ஆசிரியர்கள் அதிகம். காலையில் சான் ஹோசே, மாலையில் ஃப்ரீமாண்ட் என்று ஓடுகிறவர்கள், அடுத்த வருடம் இங்கே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பாடம் முடிந்ததுமே கேட்டு வாங்கி, கடிதம் சேமிக்கும் சேவை ஒன்றில் போடச் சொல்லுங்கள். பட்டம் வாங்கும் கல்லூரியிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியரின் கடிதமாவது கூடவே இருக்கட்டும்.

ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அவசர முதலுதவி செய்பவர்) படிப்பு பலன் தருமா?

தரும். ஒரு டெர்மில் முடித்து ஆம்புலன்ஸில் வேலைக்குப் போகலாம். நோயாளியைத் தொட்டுப் பார்த்த அனுபவம் அது. ஆனால் சயின்ஸ் ஜி.பி.ஏ.வில் சேராது. அனாட்டமி, ஃபிசியாலஜி சேரும்.

ஆன்லைன் லேப்?

கோவிட் காலத்தில் பெரும்பாலான பள்ளிகள் ஏற்றன. இப்போது பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். நேரில் எடுத்துவிடுங்கள், தலைவலி இல்லை.

வகுப்பில் இடமே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

புது மாணவர்களுக்குப் பதிவு தேதி கடைசியில்தான் வரும். அதற்குள் கெமிஸ்ட்ரி லேப் நிரம்பிவிடும். வெயிட்லிஸ்டில் பெயர் போடுங்கள். ஆறாவது, ஏழாவது இடமாக இருந்தாலும் சரி. முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் நில்லுங்கள். அன்று வராதவர்களை ஆசிரியர் நீக்கிவிடுவார், வெயிட்லிஸ்ட் வரிசைப்படி, வகுப்பில் சேர்வதற்கான ஆட் கோட் கொடுப்பார். உங்களுக்கு முன்னால் இருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் வந்திருக்கவே மாட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. இதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடத்தை வேறு கல்லூரியில் படித்திருந்தால் அந்த ட்ரான்ஸ்கிரிப்டை முன்பே அனுப்பி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட் கையில் இருந்தும் கணினி விடாது. லேபும் அன்றே தொடங்கிவிடும். மூடிய செருப்பு, கால் முழுக்க மறைக்கும் பேண்ட், பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கையோடு இருக்கட்டும். செருப்பு சரியில்லாமல் வந்தவர்களை நானே கதவிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன்.